திருநீலகண்டத்தின் கருமை

உமக்கு உகந்த நிறம் யாது என்று ஒருவரை வினவினால் விடை பெரும்பாலும் உடனே வந்துவிடும். மஞ்சள் என்பார் ஒருவர். அது மங்கலம் என்று காரணமும் கூறுவார். பச்சை என்பார் மற்றொருவர். கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார். கருமை என்று கூறுவார் மிக அரியர். மணவீட்டிற்குக் கறுப்பு ஆகாது. புதுமனை புகும்போது ஆகாது. நல்ல நாளில் கறுப்புச் சேலை எடுத்துக் கொடுத்தலும் ஆகாது. இவ்வாறு நம் இல்லங்களில் அந்நிறத்திற்கு இடப்பட்ட தடைகள் பலவாகும்.

இதே வினாவை நம் அருளாளர்களின் முன் வைத்துப் பார்ப்போம். அவர்கள் கண்ட பெருமானிடத்து எல்லா நிறங்களும் உள்ளன. திருமேனி பவளம், அதன்மேல் பூசிய நீறு வெண்மை, சடை பொன், இடப்பாகத்து எழுந்தருளிய அம்மை பச்சை. இத்தனையும் இருக்க, அவர்களுடைய நெஞ்சம் மீண்டும் மீண்டும் சென்று தங்கும் இடம் ஒன்று உண்டு. அது நான்கு விரற்கடை அளவே உள்ள மிடறு. அங்கே உறைந்து நிற்கும் கருமை. காரைக்கால் அம்மையார் தமது அற்புதத் திருவந்தாதியில் நூற்றொரு வெண்பாக்கள் அருளிச்செய்தார். அவற்றுள் முதல் வெண்பாவிலேயே பெருமானை விளிக்கும்போது, பிறையையோ கங்கையையோ சொல்லாமல், கண்டத்தில் உள்ள மையைச் சொல்லி அழைக்கிறார். அறுபத்துமூவர் திருக்கூட்டத்திலும் இருவர் இந்நிறத்தையே தம் பெயரில் உடையவர்கள்; ஒருவர் தில்லைக் குயவனாராகிய திருநீலகண்ட நாயனார், மற்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். பெருமானுடைய செம்மேனிக்கோ வெண்ணீற்றுக்கோ இப்பேறு இவ்வாறு வாய்க்கவில்லை.

கருமை வந்த வரலாறு அன்பர்கள் அறிந்ததே. மந்தர மலையை மத்தாகவும் வாசுகியைக் கயிறாகவும் கொண்டு தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடைந்தனர். அமுதம் வேண்டிக் கடைந்தவர்களுக்கு முதலில் வந்தது ஆலகாலம். கடைந்தவர் அனைவரும் ஓடினர். ஓடியவர்கள் வந்து அடைந்த இடம் கயிலை. பெருமான் கடைந்தவர்களுள் ஒருவர் அல்லர். அமுதத்தில் பங்கு கேட்டவரும் அல்லர். பிறருடைய முயற்சியில் விளைந்த தீங்கு அவரிடம் வந்து சேர்ந்தது. அவர் அதனை ஏற்றார். திருவாசகத்துத் திருச்சாழலில் மணிவாசகப் பெருமான் இருபெண்கள் உரையாடுவதாக வைத்து இதனை நயமாகக் காட்டுகிறார். நஞ்சு உண்டது என்ன சாமர்த்தியம் என்று ஒருத்தி எள்ளுவாள். உண்ணாதிருந்தால் அன்றே தேவர் அனைவரும் மாண்டிருப்பர் என்று மற்றவள் விடை கூறுவாள்.

நஞ்சு ஏன் கண்டத்தில் நின்றது என்பதே ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. அம்மை அஞ்சித் தன் கரத்தால் மிடற்றைப் பற்றினாள், அதனால் நின்றது என்று புராண விரிவுரைகளில் கூறுவர். கேட்க இனிய செய்தியே அது. ஆயினும் பெரியோர் கூறும் மற்றொரு விளக்கம் நுட்பமானது. உயிர்கள் பெருமானுக்குள்ளும் உள்ளன, புறத்தும் உள்ளன. நஞ்சை உள்ளே செலுத்தினால் உள்ளிருப்பவை மடியும். வெளியே உமிழ்ந்தால் புறத்திருப்பவை மடியும். இரண்டும் செய்யலாகாதபோது எஞ்சிய இடம் கண்டம் ஒன்றே. விழுங்கவும் இல்லை, உமிழவும் இல்லை, தாங்கினான். கண்டத்தின் கருமை என்பது இவ்வாறு தாங்கியதன் நிறம்.

இனி அந்நிறம் கருமையா நீலமா என்று ஒரு வினா எழும். நம் புலவர்களுக்கு இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. திருமாலின் திருமேனியைப் பச்சை என்றும், நீலம் என்றும், கார்முகில் என்றும் மாறி மாறிக் கூறுவதைக் காண்கிறோம். பெருமானுடைய மிடற்றையும் மணி என்பர், மை என்பர், கார் என்பர், இருள் என்பர், நீலம் என்பர். ஆதலின் அந்நிறம் நண்பகலில் நாம் காணும் வானத்தின் நீலம் அன்று. மழைக்கு முன் திரளும் மேகத்தின் இருண்ட நீலம். இக்காலத்து அச்சுப் படங்களிலும் நாட்காட்டிகளிலும் பெருமானின் திருமேனி முழுவதையும் நீலமாகத் தீட்டிவிடுகிறார்கள். அது நம் மரபன்று. திருமேனி முழுதும் நீலமாகிவிட்டால் கண்டத்திற்கு என்ன தனிச்சிறப்பு? எசுர்வேதத்துத் திருவுருத்திரமும் அவனை நீலக் கழுத்தினன் என்றும் செந்நிறத்தன் என்றும் சேர்த்தே கூறுகிறது. அவ்வாறு கூறிய உடனே, அவனை ஆயர்கள் கண்டார்கள், நீர் முகந்து வரும் மகளிர் கண்டார்கள் என்றும் அம்மறை கூறுவது எமக்கு எப்போதும் வியப்பளிப்பதாகும். ஆடு மாடு மேய்ப்பவனும் குடம் சுமப்பவளும் கண்டு தெளியும்படி வெளிப்படையாக நிற்பது அந்த நிறம்.

ஆனால் திருக்கோயிலில் நாம் வழிபடும் செப்புத் திருமேனிகளில் இந்நிறத்தைக் காண இயலாது. பிறையும், பாம்பும், ஊமத்தை மலரும் சிற்பியின் உளிக்கு அடங்கும், கறை அடங்காது. கூத்தப்பெருமானின் கண்டத்தைக் கண்ணால் எவ்வளவு உற்று நோக்கினும் அது மற்றைய உறுப்புக்களைப் போலவே விளங்கும். ஓதுவார் பதிகத்தைப் பாடும்போதுதான் அங்கே கருமை தோன்றுகிறது. எனவே இது செவியின் வழியாகக் காணவேண்டிய நிறம் என்று யாம் கூறுவதுண்டு.

கறை என்னும் சொல்லையும் நோக்க வேண்டும். ஆடையில் கறை படிந்தால் துவைக்கிறோம். பெயரில் கறை படிந்தால் நாணுகிறோம். புறநானூற்றின் கடவுள் வாழ்த்தைச் செய்த பெருந்தேவனாரோ, மிடற்றிலுள்ள கறையைப் பெருமானுக்கு அணி என்று வைத்தார். பழுது என்று உலகம் ஒதுக்கும் ஒரு சொல்லை அணிகலன்களின் வரிசையில் அவர் வைத்தது எளிய செயலன்று.

அதே புறநானூற்றில் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியை வாழ்த்தும் இடம் ஒன்று உண்டு. பெறுதற்கரிய நெல்லிக்கனி அவனுக்குக் கிடைத்தது. உண்டவர் நெடுநாள் வாழ்வர். அவன் அதன் பயனை வெளியிடாமலே ஔவையாருக்கு அளித்தான். நெகிழ்ந்த ஔவையார், நீலமிடற்றுப் பெருமானைப்போல நீ நிலைபெறுக என்று வாழ்த்தினார். நீண்ட வாழ்வுக்கு உவமையாகத் தெய்வத்தைச் சொல்ல வேண்டுமெனின் வேறு எத்தனையோ அடைகள் உண்டு. நீலமிடற்றை ஏன் எடுத்தார்? அமுதத்தைப் பிறர்க்கு விட்டு நஞ்சைத் தனக்கு வைத்துக்கொண்டவன் அவன். அமுதம் போன்ற கனியைப் பிறர்க்கு ஈந்து சாவைத் தனக்கு வைத்துக்கொண்டவன் இவன். உவமை பொருந்திய அழகை அறிக. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியிலோ இச்செயல் கொற்றவையின்மேல் ஏற்றிக் கூறப்படுகிறது. அமுது உண்ட தேவர் மடியவும் நஞ்சு உண்டவள் நிலைத்திருக்கிறாள் என்பது அங்குள்ள கருத்து. அம்மை அவனில் ஒரு பாதி. மிடறும் இருவர்க்கும் பொதுவன்றோ?

இனித் திருநீலகண்ட நாயனாரிடம் வருவோம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் தில்லைவாழ் அந்தணர்களாகிய கூட்டத்தைச் சொன்னபின், தனியடியார்களுள் முதலாவதாகக் கூறுவது இக்குயவனாரையே. அடியார்களுக்குத் திருவோடு செய்து அளிப்பது இவர் தொண்டு. பெருமானின் கண்டத்தை இடையறாது நினைந்து, திருநீலகண்டம் என்று சொல்லிக்கொண்டே இருப்பது இவர் இயல்பு. இத்தகையவர் இளமையில் ஒருநாள் பரத்தையிடம் சென்று மீண்டார். மனைவியார் இல்லறப் பணிகள் அனைத்தையும் செய்தார். உடனுறைவை மட்டும் மறுத்தார். நாயனார் நெருங்கியபோது, எம்மைத் தீண்டலாகாது என்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். எம்மை என்று பன்மையில் சொன்னமையால், இனி மாதர் எவரையும் மனத்தாலும் தீண்டேன் என்று நாயனார் உறுதி கொண்டார்.

இச்சரிதத்தைச் சொல்லும்போது ஆணையைக் காத்த நாயனாரின் உறுதியையே பலரும் விரித்துரைப்பர். அது தக்கதே. யாம் கேட்பது வேறொன்று. அந்த இல்லத்தில் நஞ்சு எது? கணவர் செய்த பிழையா, மனைவி கொண்ட சினமா? எதுவாயினும் அது அவ்விருவருக்கு இடையே நின்றது. ஒரே வீட்டில், அயலார் ஒருவரும் அறியாதபடி, இளமை கழிந்து முதுமை வரும் வரையில் இருவரும் அதனைத் தாங்கினர் என்று சேக்கிழார் பெருமான் காட்டுகிறார். அவர் வெளியே சென்று மனைவியைப் பழிக்கவில்லை; அவளும் தெருவில் நின்று கணவரைத் தூற்றவில்லை. அவள் மனத்துக்குள் ஒன்றுமே நிகழாததுபோல் விழுங்கிவிடவும் இல்லை. திருநீலகண்டம் என்னும் பெயரை நாவால் சொன்னவர்கள் அதனைத் தம் வாழ்வில் நடத்திக் காட்டினார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கணவன் எது செய்தாலும் பெண் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இச்சரிதத்தைச் சான்றாகக் காட்டுவோர் உளர். அவர்கள் பெரியபுராணத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்றே கூறுவோம். அவ்வம்மையார் பொறுத்துக் கிடந்தவர் அல்லர். முதற்கண் வாய் திறந்து தடுத்தவர். அவர் இட்ட ஆணைக்குக் கணவர் வாழ்நாள் முழுதும் கட்டுப்பட்டார். கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், பழகியவர் நஞ்சைப் பெய்வது கண்டும் உண்டு அமைவர் நாகரிகர் என்று கூறுவதும், தன் ஆற்றலை அறிந்து தானே ஏற்பவனைப் பற்றியது. ஒருவர் வாயைப் பிறர் பிளந்து நஞ்சு ஊற்றுவதற்கு அக்குறளில் இடமில்லை.

பின்னர் நிகழ்ந்ததை அன்பர்கள் அறிவர். பெருமான் சிவயோகியாய் வந்து ஓர் ஓட்டைக் கொடுத்துக் காக்கச் சொன்னார். பின் அதனைத் தாமே மறைத்தார். களவாடினாய் என்று வழக்கிட்டார். மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றார். தில்லைவாழ் அந்தணர் அவையும் அவ்வாறே செய்க என்றது. இருவரும் ஒரு மூங்கில் தண்டின் இரு முனைகளைப் பற்றிக்கொண்டு குளத்தில் இறங்கினர். கையைப் பற்றியே மூழ்க வேண்டும் என்று யோகியார் வற்புறுத்தியபோது, இத்தனை ஆண்டுகள் கண்டத்தில் நிறுத்தியிருந்ததை நாயனார் அனைவரும் கேட்க எடுத்துரைத்தார். மூழ்கினார்கள், இளமையோடு எழுந்தார்கள். சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் என்று அத்தலம் இன்றும் வழங்குகிறது. சொல்லத் தகுந்த காலம் வந்தபோது சொன்னார் என்பதும், அச்சொல் ஒருவரையும் குற்றஞ்சாட்டுவதாக அமையவில்லை என்பதும் கருதத்தக்கன.

இதே திருப்பெயரைத் திருஞானசம்பந்த சுவாமிகளும் ஆணையாகவே எடுத்தார். கொடிமாடச் செங்குன்றூர் என்று தேவாரத்தில் வழங்கும் திருச்செங்கோட்டில் அவர் தங்கியிருந்தபோது, உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அப்போது அருளிய பதிகமே திருநீலகண்டத் திருப்பதிகம். தீவினை எம்மைத் தீண்டாது என்று சொல்லித் திருநீலகண்டத்தின்மேல் ஆணை வைக்கிறார், சுரம் நீங்கியது. குயவனாரின் மனைவியார் ஆணையிலும், சம்பந்தப் பெருமானின் ஆணையிலும் தீண்டல் என்பதே பொருளாக இருப்பதை நோக்குக. தீண்டிய நஞ்சு அப்பால் செல்லாமல் நின்ற இடமாதலின், தீங்கு இதற்குமேல் தீண்டாது என்பதற்கு அதனைக் காட்டிலும் பொருத்தமான எல்லைக்கல் இல்லை. சுரத்தால் நலிவோர்க்காக அப்பதிகத்தை ஓதும் வழக்கம் அன்பர்களிடையே இன்றும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிவாலயத்தில் பிரதோஷ வழிபாட்டிற்குப் பின் இப்பொருள் பற்றிப் பேசினோம். பேச்சு முடிந்து எழுந்தபோது ஓர் அம்மையார் அருகில் வந்தார். "சாமி, கறுப்பைப் பற்றி இவ்வளவு உயர்வாகச் சொன்னீர்கள், கேட்க மனத்துக்கு இதமாக இருந்தது. என் மகளை நான்கு இடத்தில் பார்த்துவிட்டு, நிறம் குறைவு என்று சொல்லிப் போய்விட்டார்கள். அவர்கள் உங்கள் பேச்சைக் கேட்கவில்லையே!" என்றார். அம்மகள் சற்றுத் தொலைவில் கொடிமரத்தின் அருகே, எம்மைப் பாராமல், விளக்குகளைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் இப்பொருளைப் பேசும் இடமெல்லாம் ஆண்மக்களைப் பெற்றோரை நோக்கி இதனையும் சேர்த்தே சொல்லி வருகிறோம். நிறம் எவ்வாறு குறையும்? பொன்னில் மாற்றுக் குறையும். பாலில் நீர் கலந்தால் சுவை குறையும். கருமை என்பது குறைந்த நிறமன்று; அதுவும் ஒரு முழு நிறம். பிரதோஷத்தன்று நந்தியின் கொம்புகளுக்கிடையே நின்று, நஞ்சுண்ட கண்டா என்று கண்ணீர் மல்கத் தொழுகிறார்கள். வீடு திரும்பிப் பெண் பார்க்கச் சென்ற இடத்தில் கறுப்பு என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். தொழுத நிறம் எது, பழித்த நிறம் எது என்று ஒரு நொடியேனும் எண்ணிப் பார்த்தால் நாணம் தோன்றும்.

இதற்கு ஓர் அன்பர் மறுப்புக் கூறினார். பெருமான் அம்மையைக் காளி என்று நிறம் சுட்டி விளையாட, அம்மை வருந்தித் தவம் செய்து பொன்னிறம் பெற்றுக் கௌரியானாள் என்று புராணம் கூறவில்லையா என்றார். கூறுகிறது. ஆனால் அவர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். அம்மை கழற்றிய கருநிறம் குப்பைக்குச் செல்லவில்லை. அது கௌசிகி என்னும் தேவியாய் எழுந்தது. சும்பன் நிசும்பன் என்னும் அசுரர்களால் உலகம் நலிந்தபோது காக்க வந்தவள் அக்கரியவளே. பேரூரில் அம்மை பச்சைநாயகி. மதுரையில் மீனாட்சியம்மை மரகத மேனியள். செம்மேனியனாகிய பெருமான் தனக்கு இடப்பாகமாகக் கொண்டது அந்நிறத்தையே.

கருமைக்குத் தடை விதிக்கும் நம் இல்லங்களே அதனைக் காவலாகவும் கொள்வது வேடிக்கை. பிறந்த குழந்தையின் கன்னத்தில் இடும் திருஷ்டிப் பொட்டு கறுப்பு. தெலுங்கு நாட்டிலும் கன்னட நாட்டிலும் மணமான மகளிர் மங்கல நாணில் கருமணி கோத்து அணிகின்றனர், அதுவும் கண்டத்தில். அறிவு மறந்ததைக் கை மறக்கவில்லை போலும்.

சித்தாந்தம் பயின்றவர்கள் மேலும் ஒன்று காணலாம். ஆணவ மலத்தை நம் ஆசிரியர்கள் இருள் என்றே பேசுவர். அது அநாதி, அழியாத பொருள். முத்தி நிலையிலும் ஆணவம் இல்லாமற் போவதில்லை. அதன் ஆற்றல் மட்டும் அடங்கிக் கிடக்கும் என்பது சித்தாந்தத் துணிபு. பெருமானின் கண்டத்து நஞ்சும் இல்லாமற் போகவில்லை. கொல்லும் ஆற்றல் ஒழிந்து நிறமாக நின்றது. திருமுன்னர் நிற்கும் உயிர் தன் இருளையும் இவ்வாறு அடங்கக் காணலாம் என்னும் நம்பிக்கை அந்த மிடற்றைப் பார்க்குந்தோறும் பிறக்கின்றது. இதனை மேலும் விரிப்பின் சாத்திர விசாரமாகிவிடும். திருவிழாக் கூட்டத்திற்கு இவ்வளவு போதும்.

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் ஏற்றப்படும் மகாதீபம் பதினொரு நாள்கள் எரியும். பின்னர் கொப்பரையை இறக்கி அதில் படிந்த மையைச் சேர்த்து வைப்பார்கள். மார்கழித் திருவாதிரையில் அம்மையை முதலில் நடராசப் பெருமானுக்குச் சாத்துவார்கள். அதன்பிறகே அன்பர்களுக்குப் பிரசாதமாக வழங்குவார்கள். சோதியைக் காண நெடுந்தொலைவிலிருந்து நடந்து வந்தவர்கள், மார்கழியில் மீண்டும் வந்து அந்தக் கரியைக் கை நீட்டி வாங்கி, திருநீற்றின் கீழே தாமும் இட்டுப் பிள்ளைகளுக்கும் இட்டுவிடுகிறார்கள்.